முதல் படமும் கடைசிக் கையும்

ஒரு காட்சியின் அகலத்தைத் தீர்மானிப்பவர் இயக்குனர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடைசியாக அதைத் தீர்மானிப்பவர் தியேட்டரின் மேலறையில் நிற்கும் ஒப்பரேட்டர். திரையின் இரண்டு பக்கத்துக் கறுப்புத் துணியையும் அவர் எவ்வளவு விலக்குகிறாரோ, அவ்வளவுதான் சனங்களுக்குத் தெரியும் படம். அவர் ஏற்றும் வெளிச்சம்தான் அந்த ஊருக்கு அந்தப் படத்தின் பகல். பெரிய நடிகரின் படமென்றால் விநியோகஸ்தரின் ஆள் வந்து நிற்பார், முதலாளியும் மேலே ஏறிப் பார்ப்பார். பெயர் தெரியாத ஓர் இளைஞனின் முதல் படம் வந்தால் யாரும் ஏறி வருவதில்லை. அந்தப் படத்துக்கு நாதி ஒப்பரேட்டர் மட்டும்தான். என் தொழில் வாழ்க்கை முழுவதும் நான் நம்பியது இதைத்தான். இதை எனக்குக் கற்றுத் தந்தவை கடலோரத்தில் எடுக்கப்பட்ட சில முதல் படங்கள்.

நான் வேலை செய்தது மாத்தளையில். நாலு பக்கமும் மலை. கொக்கோ, மிளகு, கராம்பு, றப்பர், உயரே போனால் தேயிலை. கடலுக்கும் எங்களுக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. கருவாட்டுக் கடையில் வீசும் வாசனைதான் எங்களுக்குத் தெரிந்த கடல். ஆனால் கண்டியில் தொடங்கும் ஏ9 பாதை எங்கள் நகரத்தின் நடுவால் போய், தம்புள்ளையைக் கடந்து, வவுனியாவைக் கடந்து, யாழ்ப்பாணத்தில் முடிகிறது. அந்தப் பாதையின் மறுமுனையில் இருக்கும் மணலை நான் முதலில் பார்த்தது ஒரு லென்ஸின் வழியாகத்தான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு ரீல் சுற்றும் பையனாகத் தியேட்டரில் சேர்ந்தேன். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவது, சுற்றும்போதே விளிம்பை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் வெட்டிச் சுரண்டி பிலிம் சிமெந்து பூசி ஒட்டுவது, இவைதான் வேலை. ஓர் அடி பிலிமில் 16 படங்கள். ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரீல் என்றால் 11 நிமிடம். இந்தக் கணக்கு மனப்பாடமான பிறகுதான் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியைத் தொட விட்டார் பெரிய ஒப்பரேட்டர். அவர் சிங்களவர், நான் அவரை ஆசான் என்ற பொருளில் "குருன்னான்சே" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் "தம்பி" என்பார். கோங்காவலையிலிருந்து வரும் போஸ்டர் ஒட்டும் நானா ஒருவரும் எங்களோடு இருந்தார். மூன்று விதப் பேச்சும் அந்தச் சின்ன அறைக்குள் ஒன்றாய்ப் புழங்கியது.

கடலை எங்கள் திரைக்கு முதலில் கொண்டுவந்த படம் 'ரன்முத்து தூவ'. 1962இல் வெளியானது, இலங்கையின் முதல் கலர்ப் படம். இயக்கிய மைக் வில்சனுக்கு அதுதான் முதல் கதைப்படம். அவர் ஆழ்கடல் மூழ்காளர். அவருடைய கூட்டாளி, விஞ்ஞானக் கதை எழுதும் ஆதர் சி. கிளார்க். திருகோணமலைக் கடலுக்கடியில் கமராவை இறக்கி எடுத்த காட்சிகள் அதில் இருந்தன. காமினி பொன்சேகா நடித்திருந்தார். மாத்தளைச் சந்தைக்கு வந்த சனம் மூட்டை முடிச்சோடு கலரிக்குள் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். நீல நிறம் திரையில் விரிந்தபோது எழுந்த சத்தம் மேலறைக்குக் கேட்டது.

அடுத்து வந்தது 'சத் சமுதுர', 1967. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிறி குணசிங்க இயக்கிய படம். அவருக்கு அது முதல் படம், அதற்குப் பிறகு அவர் இன்னொன்று எடுக்கவும் இல்லை. தென்பகுதிக் கடற்கரையில் மீன்பிடித்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. அதில் கடல் வேடிக்கைப் பொருளாக இருக்கவில்லை. சோறு போடுவதும் அதுதான், ஆளைக் கொண்டுபோவதும் அதுதான். சுவர்ணா மல்லவாரச்சி என்ற பெண்பிள்ளை அந்தப் படத்தில்தான் அறிமுகமானார். ஒளிப்பதிவு டி. பி. நிஹால்சிங்க. 'லங்காதீப' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த டி. பி. தனபாலவின் மகன். வயது முப்பதுகூட ஆகாத ஒரு பொடியன் கறுப்பு வெள்ளையில் கடற்கரை வெயிலை இப்படிப் பிடித்திருக்கிறானே என்று குருன்னான்சே ரீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னார். சாம்பல் நிறத்தில் எத்தனை படி இருக்கிறது என்பதைத்தான் அவர் எப்போதும் பார்ப்பார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் படிகள் அதிகமிருந்தால் கார்பனைக் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த வெளிச்சத்தை ரீல் முடியும்வரை அப்படியே பிடித்துவைக்க வேண்டும். 'சத் சமுதுர' ஓடிய நாட்களில் நான் கார்பன் இடைவெளியிலிருந்து கண்ணை எடுத்ததில்லை.

அந்த நிஹால்சிங்க இயக்குனராக எடுத்த முதல் படம் 'வெலிகதர', 1971. திரைக்கதை திஸ்ஸ அபேசேகர. கதை நடப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்கரையில். கள்ளக்கடத்தலைப் பிடிக்க வடக்குக்கு வரும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகராகக் காமினி பொன்சேகா. கடத்தலின் தலைவன் கோரிங் முதலாளியாக ஜோ அபேவிக்கிரம. அதுவரை சிரிப்பு நடிகராகவே தெரிந்த ஒருவரைப் பயமுறுத்தும் ஆளாக நிறுத்தியது ஒரு புது இயக்குனருக்குப் பெரிய துணிச்சல். அதைவிடப் பெரிய துணிச்சல் வேறொன்று. அது இலங்கையில் எடுக்கப்பட்ட முதல் சினிமாஸ்கோப் படம்.

இதன் பாரம் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமானால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சினிமாஸ்கோப் 1953இல் 'த ரோப்' என்ற அமெரிக்கப் படத்தோடு வந்தது. இந்தியாவில் முதல் ஸ்கோப் படம் குரு தத்தின் 'காகஸ் கே பூல்', 1959. தமிழில் முதல் ஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல்தான் வந்தது. ஆக, கோடம்பாக்கத்துக்கு இரண்டு வருடம் முன்பே நம் நாட்டில் ஓர் இளைஞன் தன் முதல் படத்தை அந்த அகலத்தில் எடுத்துவிட்டான். அகலத்தை எதற்குப் பயன்படுத்தினான் என்பதுதான் முக்கியம். ராஜா ராணிக் கதையில் அகலத்தை நிரப்ப ஆளும் யானையும் தேரும் உண்டு. இவன் மணலையும் வானத்தையும் வைத்தான். ஓர் ஆளைத் திரையின் ஓரத்தில் சின்னதாக நிறுத்திவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டான்.

ஸ்கோப் பிலிமைக் கையில் பிடித்துப் பார்த்தால் எல்லோரும் ஒடிந்துவிழும் ஒல்லிகளாக, நெட்டையாகத் தெரிவார்கள். படம்பிடிக்கும்போது லென்ஸ் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிவிடுகிறது. ஓட்டும்போது நம் புரொஜெக்டரில் பூட்டும் லென்ஸ் அதை இரண்டு மடங்கு விரித்துக் கொடுக்க வேண்டும். திரையில் உயரம் ஒன்று என்றால் அகலம் 2.35. சாதாரணப் படத்துக்கு அகலம் 1.37தான். அதே கார்பன் வெளிச்சம் இவ்வளவு அகலத்துக்கும் பரவ வேண்டியிருப்பதால் படம் மங்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் கார்பன் சீக்கிரம் கரையும். ரீல் நடுவில் அணைந்துவிடும் ஆபத்து உண்டு. கார்பனுக்குக் கணக்குப் பார்க்கும் முதலாளியிடம் பேசவும் வேண்டும்.

இங்கிலிஷ் ஸ்கோப் படங்கள் எங்களுக்குப் புதிதல்ல. குதிரை ஓட்டமும் துப்பாக்கிச் சூடும் நிறைந்த படத்தில் லென்ஸ் கொஞ்சம் சரிந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. 'வெலிகதர'வில் அந்த மறைவு கிடையாது. கடலின் விளிம்பு திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே கோடாகப் போகிறது. ஸ்கோப் லென்ஸ் அதன் உறைக்குள் ஒரு மயிரிழை திரும்பியிருந்தாலும் அந்தக் கோடு சரியும், நிற்கும் மனிதர்கள் சாய்வார்கள். மேசனுக்கு ரசமட்டம் எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கு அந்தக் கடற்கோடு. வெறும் அரங்கில் முதல் ரீலை ஓட்டிவிட்டுக் குருன்னான்சே லென்ஸைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்க, நான் கீழே கலரியின் நடுவில் நின்று "வலது, இன்னும் கொஞ்சம், போதும்" என்று கத்தினேன். பிறகு பல்கனியில் ஏறிப் பார்த்தேன். பிறகு ஓரத்து நாற்காலிகளில் இருந்து பார்த்தேன். பல்கனியில் மட்டும் சரியாகத் தெரிந்தால் போதாது, கலரிக்காரனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான் என்பது குருன்னான்சேயின் சட்டம்.

அடுத்தது வெள்ளை. மணலும் வானமும் நிறைந்த காட்சியில் திரையின் பெரும்பகுதி வெள்ளை. இருட்டுக் காட்சியில் ஒளிந்துகொள்ளும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கீறலும் அங்கே ஒளிய முடியாது. ஒரு கறுப்புக் கோடு மணலின் மேல் நிமிடக்கணக்காய் மழைபோலப் பெய்துகொண்டிருக்கும். விளக்குப் பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி நேராக இல்லையென்றால் வானத்தின் ஒரு மூலை அழுக்காகத் தெரியும்; பார்ப்பவன் அதை மேகமென்று நினைத்துக்கொள்வான். எங்களுக்கு வந்தது கொழும்பிலும் கண்டியிலும் ஓடித் தேய்ந்த பிரதி. ஒவ்வொரு ரீலையும் மென்துணிக்கு நடுவில் மெதுவாக ஓடவிட்டுத் துடைத்தோம். பிலிம் ஓடும் கேட்டை ஒவ்வொரு ரீலுக்கும் இடையில் சுத்தம் செய்தோம். திரையையும் ஏணி வைத்துத் தூசி தட்டினோம்.

மூன்றாவது சத்தம். சண்டையும் பாட்டுமாய் ஓடும் படத்தில் மேலறையின் இரைச்சல் யாருக்கும் கேட்காது. காற்றும் அலையும் மட்டும் இருக்கும் இடத்தில் புரொஜெக்டரின் கடகடப்பு பல்கனியில் இருப்பவன் காதில் விழும். சத்தத்தைப் படிக்கும் சின்ன பல்பு தூசி பிடித்திருந்தால் காற்றே ஒரு முனகலாய் மாறிவிடும். துவாரக் கண்ணாடிகளை இறுக்கினோம், பல்பை மாற்றினோம். மேலறைக்குள் பேச்சு வேண்டாம் என்று குருன்னான்சே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

அது 1971 ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி வெடித்து, நாடு ஊரடங்குக்குள் கிடந்த காலம். தியேட்டருக்கு வரும் சனம் குறைந்திருந்தது. இருந்தும் காமினிக்காக வந்தார்கள், வந்தவர்கள் ஜோவைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். முதல் அரைமணி நேரம் கலரியில் விசில் இருந்தது. பிறகு அது தானாக அடங்கியது. அடக்கியது கதை மட்டுமல்ல, அந்த அகலமும்தான் என்று எனக்குப் பட்டது. மலையடிவாரத்துச் சனம் எங்கே பார்த்தாலும் பார்வையை ஏதோ ஒன்று மறிக்கும். மரம், பாறை, லயத்துக் கூரை. மறிப்பதற்கு எதுவுமில்லாத ஒரு வெளியை அவர்கள் அங்கே பார்த்தார்கள். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த பொடியன் ஒருவன் படிக்கட்டில் என்னை மறித்து, "அண்ணே, நெசமாவே கடல் இம்புட்டு அகலமா, இல்ல நீங்க இழுத்துக் காட்டுறீங்களா?" என்று கேட்டான். "படம் எடுத்தவரு எவ்வளவு எடுத்தாரோ அவ்வளவும் காட்டுறோம் தம்பி. நெசத்துல இன்னும் இருக்கு" என்றேன்.

என் மனதில் ஆழமாய்ப் பதிந்தது வேறொரு பேச்சு. வயதான ஓர் அம்மா, கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர், பேரனோடு வந்திருந்தார். சிங்களம் அவருக்கு அரைகுறை. படம் முடிந்து வெளியே சுருட்டு பற்றவைத்துக்கொண்டு நின்றவரிடம், "கதை வெளங்குச்சாம்மா?" என்று கேட்டேன். "கதை கெடக்குதுப்பா. மணலைத்தான் பாத்தேன். எங்க தாத்தா இப்பிடி ஒரு கரையிலதான் எறங்கி நடந்தாராம்" என்றார்.

அவர் சொன்னது எங்கள் எல்லோருடைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாகத் தம்புள்ளைக்கு வந்து, அங்கிருந்து மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழிநெடுகச் செத்தவர்கள் எத்தனையோ பேர். தப்பி வந்தவர்கள் கும்பிட்ட இடம்தான் இன்று கோபுரத்தோடு நிற்கும் முத்துமாரியம்மன் கோயில். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் கோயில் அது. அந்த அம்மாவின் குடும்பம் கடலைத் தாண்டி வந்த குடும்பம். ஆனால் அவர் கடலைக் கண்ணால் கண்டதில்லை. சிங்களத்தில், ஒரு சிங்கள இளைஞன், யாழ்ப்பாண மணலில் எடுத்த பொலிஸ் கதையில் அவர் தன் தாத்தா நடந்த கரையைத் தேடிக் கண்டுகொண்டார். படமெடுத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த வெறும் மணலை அவர் வெட்டாமல் விட்டுவைத்ததால்தான் அம்மாவுக்கு அங்கே இடம் கிடைத்தது.

வெட்டு என்ற சொல் வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தோட்டைக்கும் உக்குவலைக்கும் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் சனங்கள் படம் முடியுமுன்னே எழும்பிப் போவது அந்த நாளில் வழக்கம். நிர்வாகத்தில் இருந்த ஒருவர், ஆள் பேசாத இடங்களில் கொஞ்சத்தை எடுத்துவிட்டால் பஸ்ஸுக்குச் சரியாக இருக்கும் என்றார். பல ஊர்களில் நடந்த காரியம்தான் இது. பாட்டை வெட்டினால் அடிதடி வரும், மௌனத்தை வெட்டினால் கேட்க ஆளில்லை. குருன்னான்சே மறுத்தார். காட்சியைக் கால்மணி முந்தித் தொடங்கலாம், விளம்பரச் சிலைட்டுகளைக் குறைக்கலாம் என்று வழி சொன்னார். அப்படியே நடந்தது. ஆள் பேசாத இடம் என்று சொல்லப்பட்ட அந்த அடிகளில்தான் அம்மாவின் மணல் இருந்தது.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. நிஹால்சிங்கவே அதன் தொடக்க கால நிர்வாகத்தில் முக்கிய பொறுப்பில் இருந்தார். புதியவர்களுக்குக் கதவு திறந்த காலம் அது. தமிழிலும் கடலோரம் திரைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் தர்மசேன பத்திராஜ எடுத்த 'பொன்மணி' 1977இல். செங்கை ஆழியானின் நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் மன்னார் பேசாலையில் படமாக்கிய 'வாடைக்காற்று' 1978இல். அதே ஆண்டு பத்திராஜ கற்பிட்டி மீனவர் கரையில் எடுத்த சிங்களப் படமான 'பம்பரு எவித்'தும் வந்தது. 'வாடைக்காற்று' ஓடியபோது எங்கள் தோட்டத்துச் சனம் பேசாலைப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, சில சொல்லுக்கு ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். இலங்கைத் தமிழர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் மலைக்கும் கரைக்கும் எவ்வளவு தூரம் என்பது அன்று அரங்குக்குள் தெரிந்தது. அந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்ததும் அதே அரங்குதான்.

1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளையும் எரிந்தது. படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது, அங்கிருந்த படச்சுருள்களும் போயின. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களில் பலவற்றுக்கு இன்று ஓட்டக்கூடிய ஒரு நல்ல பிரதி இல்லை. பிலிம் நெருப்பில் மட்டும் அழிவதில்லை. ஈரத்தில் புளித்து, வினாகிரி மணத்தோடு சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் அழியும். மாத்தளையின் மழையில் நாங்கள் ரீல் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகையில் வைத்ததும், பெட்டிக்குள் ஈரமில்லாமல் பார்த்துக்கொண்டதும் எங்களால் முடிந்த பாதுகாப்பு. சுமித்ரா பீரிஸின் முதல் படமான 'கெஹெனு லமய்' 1978இல் வந்தது. அது புதுப்பிக்கப்பட்டு 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்டதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. யாரோ சிலர் அந்தச் சுருளைக் கவனமாய் வைத்திருந்தார்கள், யாரோ சிலர் ஒவ்வொரு சட்டமாய்ச் சுத்தம் செய்தார்கள். எங்கள் தொழிலின் மறுபாதி அது.

இப்போது கார்பன் இல்லை, ரீல் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் பிள்ளைகள் முதல் படத்தை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவருகிறார்கள். சிலர் என்னிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

படத்தின் அகலம் என்னவென்பதைப் பெட்டியின் மேலேயே எழுதுங்கள். ஸ்கோப்பில் எடுத்ததை, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சாதாரண அளவுக்குள் அடைத்துக் கொடுத்தால், ஸ்கோப் திரையில் அது நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்ட சின்னப் படமாய்த் தெரியும். அப்படி நீங்கள் கடற்கரையில் காத்திருந்து எடுத்த வெளி, அஞ்சலட்டை அளவுக்குக் குறுகிவிடும்.

முதல் காட்சிக்கு முன் அரங்கில் ஒரு பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். மிகவும் வெளிச்சமான காட்சியையும் மிகவும் இருட்டான காட்சியையும் பாருங்கள். சத்தத்துக்கு, படத்தின் மிக மெதுவான இடத்தை ஓட்டி, கடைசி வரிசையில் இருந்து கேளுங்கள். உரத்த இடத்தை வைத்து அளவு எடுத்தால் உங்கள் அமைதி முழுவதும் கேட்காமல் போகும்.

மேலறைக்கு ஏறிப் போங்கள். அங்கே இருப்பவரின் பெயரைக் கேளுங்கள். இந்த இடத்தில் வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறேன், இந்த இடத்தில் வேண்டுமென்றே சத்தம் இல்லை என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அதைக் கோளாறு என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார். சொன்னால் உங்களுக்காகக் காவல் நிற்பார்.

ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள். மூன்று பிரதி எடுத்து மூன்று ஊரில் வையுங்கள். எரிந்துபோன படங்களைப் பற்றிப் பேசும் தலைமுறை எங்களோடு முடியட்டும்.

தியேட்டர் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய படத்துக்கு நீங்கள் செய்யும் கவனிப்பை அது பல இடத்திலும் பெற்றுக்கொள்ளும். சின்ன ஊரில், அரை அரங்குக்கு ஓடும் முதல் படத்துக்கு வேறு இடம் கிடையாது. அதை எடுத்த பிள்ளைக்கு இன்னும் பெயர் வரவில்லை, அவனுக்காகவோ அவளுக்காகவோ பேச ஆளும் இல்லை. படம் திரையில் விழும் அந்த நேரத்தில் அருகில் இருப்பவர் ஒப்பரேட்டர் ஒருவர்தான். எடுத்தது முழுவதையும், எடுத்த அகலத்தில், எடுத்த வெளிச்சத்தில் காட்டுவது அவர் கடமை. அந்தக் கடமையைச் செய்யும் நேரத்தையும் வசதியையும் அவருக்குக் கொடுங்கள்.